அடைக்கலப்பட்டணத்தின் கதவுகள்: லெ ஷாம்போன் கிராமமும் விசுவாசக் குடும்பங்கள் சொல்லும் வரலாறும்

1. கேள்வி

விசுவாசக் குடும்பங்களில் கதை சொல்வதற்கென்று ஒரு நேரம் உண்டு. இரவு பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, ஜெபத்துக்கு முழங்காலிடுமுன் வீட்டுப் பெரியவர் ஒரு சம்பவத்தைச் சொல்வார். ஞாயிறு பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் இந்த வழக்கம் உண்டு. அந்தச் சம்பவம் வேதாகமத்துக்கு வெளியிலிருந்து வருமானால், "இது நிஜமாகவே நடந்தது" என்ற முன்னுரையோடுதான் தொடங்கும். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதும் அந்தச் சொல்லுக்காகத்தான்.

அப்படிச் சொல்லப்படும் கதைகளுள் ஒன்று, தென்மத்திய பிரான்ஸின் லெ ஷாம்போன்-சுர்-லின்யோன் என்னும் மலைக்கிராமத்தின் கதை. வழக்கமான வடிவம் இது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை வேட்டையாடினார்கள். அந்த ஊரில் ஆந்த்ரே த்ரோக்மே என்றொரு போதகர் இருந்தார். அவர் பிரசங்க பீடத்திலிருந்து அழைத்தார், ஊரே எழுந்தது. 5000 பேர் வாழ்ந்த இடத்தில் 5000 யூதர்கள் மறைத்துவைக்கப்பட்டார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

இதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் இந்த வடிவம் ஒரு விடையை மறைமுகமாகத் தந்துவிடுகிறது: ஓர் ஊரின் நன்மை ஒரு மனிதரின் துணிச்சலிலிருந்து பிறந்தது என்ற விடையை. சான்றுகள் அதற்கு இடம் தருகின்றனவா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தரவில்லை என்பது என் முடிவு. நடந்ததை நடந்தபடி சொன்னால் கதையின் பலம் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. லெ ஷாம்போனைப் பொறுத்தவரை அந்த அச்சம் தேவையற்றது என்பதையும் காட்ட விரும்புகிறேன்.

2. மலையும் நினைவும்

லெ ஷாம்போன், ஓத்-லுவார் மாவட்டத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில், விவாரே-லின்யோன் பீடபூமியில் இருக்கிறது. நீண்ட குளிர்காலம், கருங்கல் வீடுகள், ஒன்றுக்கொன்று எட்டத்தில் சிதறிக்கிடக்கும் பண்ணைகள், ஊசியிலைக் காடுகள். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக இருந்த நாட்டில் இப்பகுதி பெரிதும் புராட்டஸ்டண்ட் விசுவாசிகளின் இருப்பிடம். ஹியூகனோக்கள் எனப்பட்ட பிரெஞ்சுச் சீர்திருத்த சபையாரின் வழித்தோன்றல்கள் இவர்கள்.

1598இல் நாந்த் அரசாணை இவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்தது. 1685இல் பதினான்காம் லூயி அதை நீக்கினான். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் தூக்கிலிடப்பட்டார்கள், ஆண்கள் துடுப்புக் கப்பல்களில் அடிமைகளாகப் பூட்டப்பட்டார்கள். விசுவாசிகள் காடுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் ஒளிந்து கூடினார்கள். அக்காலத்தின் பெயர்களுள் ஒன்றைப் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட் பிள்ளைகள் இன்றும் கற்கிறார்கள்: மரி துரான். 1730இல் எக்மோர்த் நகரின் கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் அடைபட்ட அந்த இளம்பெண் 1768இல்தான் வெளியே வந்தார். 38 ஆண்டுகள். விசுவாசத்தை மறுதலிக்கிறேன் என்ற ஒரு சொல் போதும், கதவு திறந்திருக்கும். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. கோபுரத்தின் கல்லில் 'எதிர்த்து நில்' என்ற பொருள்படும் ஒரு சொல் கீறப்பட்டிருக்கிறது. அதைக் கீறியவர் அவரே என்பது மரபு.

லெ ஷாம்போன் வீடுகளில் பாட்டிமார் சொன்ன கதைகள் இவை. அரசு தேடும் மனிதரை மறைப்பது பாவமல்ல, பல நேரங்களில் அதுவே நீதி என்ற அறிவு அங்கே இரத்தத்தில் கலந்து கிடந்தது. 1940இல் அதை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தலைமுறை தன் பிள்ளைகளுக்குச் சொன்ன உண்மைக் கதை, இருநூறு ஆண்டு கழித்து அந்நிய மக்களின் உயிரைக் காத்தது என்றே இதை நான் வாசிக்கிறேன். கதை சொல்லும் பெற்றோர் தம் கையில் எப்படிப்பட்ட பொருள் இருக்கிறதென்று உணர இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நினைவோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் இதை வலியுறுத்தியும் பக்திக் கதைகளில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. அது பிழைப்பு. 1893 முதல், போதகர் லூயி கோந்த் தொடங்கிய ஒரு பணியின் வழியாக, சேந்த்-எத்தியென் என்னும் சுரங்கத் தொழில் நகரத்தின் ஏழைப் பிள்ளைகள் கோடையில் இந்தப் பீடபூமிக்கு அனுப்பப்பட்டார்கள். பண்ணைக் குடும்பங்கள் அவர்களை வைத்து உணவிட்டன. சிறிது பணமும் பெற்றன. நல்ல காற்றுக்காக வரும் பயணிகளுக்கெனத் தங்கும் விடுதிகள் பெருகின. ஆக, போர் தொடங்குமுன்பே இந்த ஊருக்கு யாரோ பெற்ற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது. மாட்டுக் கொட்டில் மாடியில் ஓர் அந்நியச் சிறுவன் உறங்குவது அங்கே யாரையும் திரும்பிப் பார்க்கவைக்காது.

3. கதை நூலேறிய விதம்

போருக்குப் பிறகு நெடுங்காலம் இந்த ஊர் தன்னைப் பற்றிப் பேசவில்லை. உலகம் அறியச் செய்தது அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பிலிப் ஹாலி 1979இல் எழுதிய நூல். ஐரோப்பியப் போர்க்களத்தில் பீரங்கிப் படைவீரராக இருந்த ஹாலி, பின்னர் மனிதக் கொடுமையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து மனம் வறண்டிருந்தவர். லெ ஷாம்போனைப் பற்றிய ஒரு சிறு குறிப்பைப் படித்தபோது தம்மை அறியாமல் கண்ணீர் வடிந்ததாக அவரே எழுதுகிறார். நூலின் தலைப்பை உபாகமம் 19ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தார். குற்றமற்றவரின் இரத்தம் சிந்தப்படாதிருக்க அடைக்கலப்பட்டணங்களைப் பிரித்துவைக்கச் சொல்லும் பகுதி அது. த்ரோக்மேயும் தம் ஊரை அந்த வெளிச்சத்தில்தான் கண்டார்.

ஹாலியின் நூலுக்கு நடுநாயகம் த்ரோக்மே. 1901இல் பிறந்து, பிரெஞ்சுத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் மகனாக வளர்ந்து, முதல் உலகப் போரைச் சிறுவயதில் நேரில் கண்டு, போர் மறுப்பாளரானவர். அந்தக் கொள்கையாலேயே பெரிய சபைகள் கிடைக்காமல் 1934இல் இந்த மலைச் சபைக்கு வந்தார். 1938இல் உடன் போதகர் எதுவார் தெய்ஸுடன் சேர்ந்து ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். 1940 ஜூன் 22ஆம் தேதி பிரான்ஸ் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. மறுநாள் ஞாயிறு. மனச்சாட்சிக்கு வரும் வன்முறையை ஆவிக்குரிய ஆயுதங்களால் எதிர்ப்பது கிறிஸ்தவரின் கடமை என்று இரு போதகர்களும் அன்று சபையாருக்கு அறிவித்தார்கள்.

பியேர் சொவாஜ் 1989இல் எடுத்த ஆவணப்படம் பார்வையைச் சற்று நகர்த்தியது. அவர் 1944 மார்ச்சில் அதே ஊரில், அடைக்கலம் தேடிவந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். முதிய உழவர்களையும் அவர்களுடைய மனைவியரையும் அவர் படம்பிடித்தார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். அதில் என்ன பெரிது, வந்தவர்களை என்ன செய்வது என்ற தொனி. 1990இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் லெ ஷாம்போனையும் சுற்றியுள்ள ஊர்களையும் கூட்டாகக் கௌரவித்தது. தனிமனிதருக்கே வழங்கப்படும் அந்த மரியாதை ஒரு சமூகம் முழுமைக்கும் தரப்பட்டது மிக அரிது. நெதர்லாந்தின் நியூலாண்டே கிராமத்துக்கு 1988இல் தரப்பட்டது மற்றொன்று.

2014இல் வெளிவந்த கரோலின் மூர்ஹெட்டின் நூல் முந்தைய சித்திரத்தைக் கேள்விக்குட்படுத்தியது. பீடபூமியின் மற்ற ஊர்களும், கத்தோலிக்கரும், மத நம்பிக்கை அற்றவர்களும், ஆயுதமேந்திய எதிர்ப்புக் குழுவினரும் செய்த பங்கு, த்ரோக்மேயை மையமாக்கிய கதையில் மங்கிவிட்டதென்பது அவர் வாதம். இந்த நூலில் பிழைகள் மலிந்திருப்பதாகவும் த்ரோக்மேக்கு அநீதி இழைக்கப்பட்டிருப்பதாகவும் சொவாஜ் உள்ளிட்டோர் கடுமையாகக் குற்றம் சாட்டினார்கள். ஹாலியின் நூல்மீதும் விமரிசனம் உண்டு. லெ புய் நகரிலிருந்த ஜெர்மானிய அதிகாரி ஷ்மேலிங், ஊரை மறைமுகமாகக் காத்திருக்கலாம் என்று ஹாலி கருதியதைத் தப்பிப் பிழைத்தவர்கள் சிலரே ஏற்கவில்லை.

இந்த வாக்குவாதங்களில் நான் யார் பக்கமும் முழுதாக நிற்கவில்லை. ஹாலிக்கு மனித மனத்தின் ஆழம் தெரியும். ஊரின் அகலம் அவருக்குப் போதவில்லை. மூர்ஹெட்டின் கேள்வி நியாயமானது. ஆனால் பரவலான நன்மையைக் காட்டுவதற்காகத் தலைமையின் நன்மையைச் சிறிதாக்கத் தேவையில்லை.

4. குருமனையின் கதவு

ஹாலியின் நூலிலேயே ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளைகளுக்கான கதைகளில் அதன் பாதி மட்டுமே இடம்பெறுகிறது.

1940-41 குளிர்காலம். பனி கொட்டும் ஓர் இரவில் குருமனையின் கதவு தட்டப்படுகிறது. போதகரின் மனைவி மக்தா அடுப்படியில் இருக்கிறார். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தவர், நான்கு பிள்ளைகளின் தாய், பக்திச் சொற்களை அடுக்கிப் பேசுவதில் விருப்பமில்லாதவர். கதவைத் திறக்கிறார். பனி படிந்த உடையோடு நடுங்கியபடி ஒரு பெண். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்கிறார். உள்ளே வா என்கிறார் மக்தா, வேறு எதையும் யோசிக்காமல்.

நாம் சொல்லும் கதை இங்கே நிற்கிறது. நடந்ததோ மேலும் நீள்கிறது. உணவு தந்து, ஈரக் காலணிகளை உலர வைத்துவிட்டு, மக்தா ஊர் மேயரிடம் போகிறார். இந்தப் பெண்ணுக்குத் தங்குவதற்கான ஆவணங்கள் வேண்டும் என்று கேட்கிறார். அவருக்கு இது மிகச் சாதாரணமான வேண்டுகோளாகப் பட்டது. மேயர் கொதித்தெழுகிறார். ஓர் அந்நியப் பெண்ணுக்காக ஊர் முழுவதையும் ஆபத்தில் தள்ளுவதா, உடனே அனுப்பிவிடு என்கிறார். மக்தா வீடு திரும்புகிறார். காலணிகள் அடுப்பில் கருகிப்போயிருக்கின்றன. ரேஷன் காலத்தில் ஒரு ஜோடிக் காலணி கிடைப்பதே பெரும்பாடு. எப்படியோ தேடிப்பிடித்துக் கொடுத்து, அந்தப் பெண்ணை வேறோரிடத்துக்கு அனுப்பிவைக்கிறார்.

ஆம், அனுப்பிவைக்கிறார். லெ ஷாம்போனின் அடைக்கல வரலாற்றில் முதல் பக்கம் இது. மேயர் கொடியவர் அல்லர். தம் மக்களைக் காக்கும் பொறுப்புள்ளவர். சொல்லப்போனால் அவர் வாதம் இன்றும் எல்லா ஊர்களிலும் ஒலிக்கும் நியாயமான வாதம். மக்தா அந்த இரவை மறக்கவில்லை. தெரிந்தே செய்யும் நன்மைக்கு அரசின் அனுமதியைக் கேட்கக் கூடாது என்ற பாடத்தை அந்தத் தோல்வியே தந்தது. அதன்பின் வந்தவர்களுக்காக அவர் எந்த அலுவலகப் படியையும் ஏறவில்லை.

இந்த இரண்டாம் பாதியை வெட்டிவிட்டுக் கதை சொல்லும்போது நாம் இழப்பது பெரிது. முதல் முறை தவறியவர் இரண்டாம் முறை சரியாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையை இழக்கிறோம். பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட வேதத்தை வாசிக்கும் வீடுகளில், நவீன காலத்துச் சாட்சிகளை மட்டும் ஏன் பிழையற்றவர்களாக்கிச் சொல்ல வேண்டும்?

5. வலை

த்ரோக்மே முதலில் விரும்பியது வேறு. தெற்குப் பிரான்ஸின் தடுப்பு முகாம்களில் ஆயிரக்கணக்கான அகதிகள், பெரும்பாலும் யூதர்கள், பசியிலும் நோயிலும் கிடந்தார்கள். அங்கே போய்ச் சேவை செய்யலாம் என்று எண்ணி, மார்செய் நகரில் பணியாற்றிய குவேக்கர் சபையின் அமெரிக்கர் பர்ன்ஸ் சாமர்ஸைச் சந்தித்தார். பிள்ளைகளை முகாமிலிருந்து வெளியே எடுக்க வழி இருக்கிறது, ஆனால் வைத்துக்கொள்ள இடம் இல்லை. உங்கள் கிராமம் அந்த இடமாக இருக்குமா என்று சாமர்ஸ் கேட்டார். அடைக்கலப்பட்டணம் என்ற எண்ணம் செயலாக மாறியது அந்த உரையாடலில்.

அதன்பின் நடந்தவற்றை ஒரு போதகரின் செயல் என்று சொல்ல முடியாது. குவேக்கர்கள் பணம் தந்தார்கள். சுவிட்சர்லாந்தின் குழந்தைகள் நல அமைப்பு, ஒகுஸ்த் போனி என்ற இளைஞரின் பொறுப்பில், லா கெஸ்பி, லாப்ரிக், ஃபைதோலி ஆகிய இல்லங்களை நடத்தியது. பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட் இளைஞர் அமைப்புகளிலிருந்து பிறந்த சிமாத், கொத்தோ ஃப்ளெரி இல்லத்தைக் கவனித்ததோடு, ஆபத்திலிருந்தவர்களைச் சுவிட்சர்லாந்து எல்லைவரை அழைத்துச் சென்றது. யூதக் குழந்தைகள் நல அமைப்பான ஓஎஸ்இ உடன் உழைத்தது. காப்பாற்றப்பட்டவர்கள் காப்பாற்றுவோராகவும் இருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று ஓஸ்கார் ரோசோவ்ஸ்கி. பெர்லினில் பிறந்த இந்த யூத இளைஞர், ஒரு பண்ணை வீட்டில் மறைந்திருந்தபடி பொய் அடையாள அட்டைகளையும் ரேஷன் அட்டைகளையும் தயாரித்தார். முத்திரைகளையும் அவரே உருவாக்கினார். இத்தகைய ஆவணங்கள் இல்லாமல் மறைந்திருந்தோர் அச்சமின்றிச் சாலையில் நடப்பதும் ரொட்டி வாங்குவதும் கடினம்.

இந்தப் பொய் ஆவணங்கள் பற்றி ஒரு சொல். த்ரோக்மே குடும்பத்தாரை இது உறுத்தியது. பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த வீட்டில், பிள்ளைகளின் கண்முன்னே பொய்ப் பெயர்கள் நடமாடின. உயிரைக் காக்கப் பொய் தேவைப்பட்டது, அதைச் செய்தோம், ஆனாலும் அது நன்மையென்று சொல்லிக்கொள்ள மாட்டோம் என்ற நிலையில் அவர்கள் வாழ்ந்தார்கள். எளிதான சமாதானங்களைத் தேடாத அந்த மனச்சாட்சியை நான் மிகவும் மதிக்கிறேன்.

சபையின் உள்ளமைப்பும் உதவியது. த்ரோக்மே 13 பொறுப்பாளர்களைத் தெரிந்தெடுத்திருந்தார். அவர்கள் ஒழுங்காக அவரோடு கூடி ஒரு வேதப்பகுதியைத் தியானித்து, பிறகு ஊரின் வெவ்வேறு மூலைகளில் வீட்டுக் கூட்டங்களில் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். செய்தி பரவ, ஆபத்தை உணர்த்த, வந்தவரை எந்தப் பண்ணைக்கு அனுப்புவதென்று முடிவெடுக்க அந்தக் கூட்டங்களே வழியாயின. நம் சபைகளில் வாரம் தவறாமல் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இப்படியும் ஒரு முகம் இருக்க முடியும்.

பீடபூமியில் சீர்திருத்த சபையார் மட்டும் இருக்கவில்லை. ஊழியக்காரரென்று தனியே யாரையும் வைத்துக்கொள்ளாத, உலக விவகாரங்களில் ஒதுங்கி நிற்கும் டார்பி பிரிவினரும் கணிசமாக இருந்தார்கள். தமிழ்நாட்டில் பிரதரன் சபை என்று நாம் அறியும் மரபின் உறவினர்கள் இவர்கள். யூதர்கள் வேதத்தின் மக்கள் என்ற எண்ணம் அவர்களிடம் ஆழமாக இருந்தது. அறிக்கையும் கூட்டமும் இல்லை; வந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவே. ஃபே கிராமத்தின் சுவிஸ் போதகர் தானியேல் குர்த்தே தம் பெற்றோருக்கு எழுதிய கடிதங்களில் மறைந்திருப்போர் பற்றிய செய்திகளை வேதாகமக் குறிப்புகளில் பொதிந்து அனுப்பினார். யூதர்களைக் குறிக்கப் 'பழைய ஏற்பாடுகள்' என்ற சங்கேதச் சொல் பீடபூமியில் வழங்கியது. இத்தனை பழைய ஏற்பாடுகள் வருகின்றன என்று செய்தி வந்தால் இத்தனை பேருக்குப் படுக்கை விரிக்க வேண்டும் என்று பொருள்.

அகதிகளை மதம் மாற்றும் முயற்சி பொதுவாக நடக்கவில்லை என்பதையும் பிழைத்தவர்கள் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். உணவுக்கும் கூரைக்கும் விலையாக விசுவாசத்தைக் கேட்காதது அந்த ஊரின் விசுவாசத்துக்கே அழகு சேர்க்கிறது.

6. போதகர் இல்லாத ஊர்

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸில் ஆயிரக்கணக்கான யூதக் குடும்பங்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டன. ஆகஸ்டில், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசில் இளைஞர் துறைச் செயலராக இருந்த ஜார்ஜ் லாமிரான் லெ ஷாம்போனுக்கு வந்தார். பள்ளியின் மூத்த மாணவர்கள் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பாரிஸில் நடந்ததை அறிவோம், எங்களிடையே யூத மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது அதன் சாரம். இரண்டு வாரத்தில் காவலர்கள் பேருந்துகளுடன் வந்தார்கள். பெயர்ப்பட்டியலைத் தரும்படி த்ரோக்மேயிடம் கேட்டபோது அவர் மறுத்தார். காடுகளும் பண்ணைகளும் நிறைந்திருந்தன. பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின.

1943 பிப்ரவரி 13 அன்று த்ரோக்மே, தெய்ஸ், பள்ளித் தலைமையாசிரியர் ரோஜே தார்சிசாக் மூவரும் கைதாகி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஊரார் வரிசையில் நின்று, பத்திரமாகச் சேமித்துவைத்திருந்த பண்டங்களைக் கையில் திணித்து வழியனுப்பினார்கள். ஒரு மாதத்துக்குப் பின் விடுதலை வந்தது. பிறகு உயிருக்கு ஆபத்தென்று எச்சரிக்கப்பட்டு, 1943 கோடை முதல் இரு போதகர்களும் தலைமறைவானார்கள். த்ரோக்மே பல மாதங்கள் வேறு மாவட்டத்தில் பொய்ப் பெயரில் வாழ்ந்தார்.

நாயகக் கதைக்கு எதிரான மிக வலிமையான சான்று இந்தக் காலண்டர்தான். ஜெர்மானியர் தெற்குப் பகுதியையும் பிடித்துக்கொண்டு தேடுதல் கடுமையான அந்த ஆண்டில் பல மாதங்கள் த்ரோக்மே பிரசங்க பீடத்தில் இல்லை. மீட்புப் பணி நிற்கவில்லை. மக்தா இருந்தார், பள்ளி ஆசிரியைகள் இருந்தார்கள், விடுதி நடத்திய பெண்கள், பால் கறந்த உழவர்கள், செய்தி சுமந்த சாரணச் சிறுவர்கள் இருந்தார்கள். ஒரு தலைவரின் வெற்றியை அவர் இல்லாதபோது நடப்பதை வைத்து அளப்பதானால், த்ரோக்மே பெரும் வெற்றி பெற்றவர்.

யாரும் பிடிபடவில்லை என்பதும் உண்மையல்ல. 1943 ஜூன் 29 அன்று நாஜிகளின் இரகசியக் காவல்படையான கெஸ்டப்போ, மேசோன் தெ ரோஷ் என்னும் மாணவர் இல்லத்தைச் சுற்றிவளைத்து மாணவர்களைப் பிடித்துச் சென்றது. இல்லப் பொறுப்பாளர் தானியேல் த்ரோக்மே, போதகரின் உறவினர், அவ்வேளையில் வேறோர் இல்லத்தில் இருந்தார். தப்பிக்க வாய்ப்பிருந்தும் தம் மாணவர்களோடு இருப்பதையே தேர்ந்தார். 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார். பிடிபட்டவர்களுள் யூத இளைஞர்கள் சிலர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். ஊர் மருத்துவர் ரோஜே லெ ஃபொரெஸ்தியே, ஆப்பிரிக்காவின் லம்பரேனேயில் ஆல்பர்ட் ஷ்வைட்சருடன் பணியாற்றியவர், 1944 ஆகஸ்ட் 20 அன்று சேன்-ஜெனி-லாவாலில் மற்றக் கைதிகளோடு சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைக்குச் சில நாட்களே இருந்தன.

அதே பீடபூமியில் ஆயுதமேந்திய எதிர்ப்புக் குழுவும் இயங்கியது. அமைதிவழியினரும் ஆயுதவழியினரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். சில வேளை ஒரே வீட்டிலும். இதைச் சொன்னால் த்ரோக்மேயின் கொள்கை களங்கப்படும் என்று எண்ணுவோர், அக்கொள்கையின் உரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வேறு வழி கண்முன்னே இருந்தும் தம் வழியில் நின்றவர் அவர்.

7. எத்தனை பேர்?

5000 கிறிஸ்தவர்கள் 5000 யூதர்களைக் காத்தார்கள் என்ற சமன்பாடு சொவாஜின் படத்தின் வழியே பரவியது. வாஷிங்டனிலுள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தின் மதிப்பீடு, 1940 டிசம்பருக்கும் 1944 செப்டம்பருக்கும் இடையே பீடபூமி முழுவதிலும் அடைக்கலம் பெற்றவர் சுமார் 5000, அவர்களுள் யூதர்கள் 3000 முதல் 3500 வரை என்கிறது. இன்னும் குறைத்துச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. சிலர் நான்காண்டு இருந்தார்கள். சிலர் இரண்டு இரவு தங்கி எல்லை கடந்தார்கள். மறைத்துவைத்தவர்கள் பதிவேடு வைத்துக்கொள்வதில்லை. வைத்திருந்தால் அதுவே தூக்குக் கயிறாகியிருக்கும். ஆகவே துல்லியமான எண் எட்டாதது. பெரிய எண்ணைக் கைவிடத் தயங்குவோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: 3000 உயிர்கள் போதாவா? கூட்டிச் சொன்ன எண்ணை ஒரு பிள்ளை வளர்ந்தபின் கண்டுபிடிக்குமானால், கூடவே சொன்ன மெய்யையும் சேர்த்துச் சந்தேகிக்கும். ஹோலோகாஸ்ட் நடக்கவே இல்லை என்று மறுப்போர் உள்ள உலகில் அந்தச் சந்தேகத்துக்கு நாம் விதை போடலாகாது.

8. சொல்லும் முறை

இச்சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கையில் லெ ஷாம்போனின் நன்மைக்கு மூன்று வேர்களைக் காண்கிறேன். தலைமுறை தலைமுறையாக வீட்டில் சொல்லப்பட்ட துன்புறுத்தலின் நினைவு முதலாவது, அதுவே ஆழமானதும்கூட. அந்நியப் பிள்ளைகளை வைத்துப் பழகிய அன்றாட வழக்கம் அடுத்தது. பணமும் ஆவணமும் வழிகாட்டிகளும் கொண்ட பரந்த வலை மற்றொன்று. த்ரோக்மேயின் பிரசங்கம் இவற்றைப் படைக்கவில்லை, எழுப்பியது. அதற்கு மேல் அவருக்கு மகுடம் தேவையில்லை. அவரே கேட்டதும் இல்லை. யாத் வாஷெம் 1971இல் தம்மைத் தனித்துக் கௌரவித்தபோது, எனக்கு மட்டும் ஏன், ஊரல்லவா செய்தது என்றே அவர் மனம் எண்ணியது. அவ்வாண்டு ஜூனில் அவர் காலமானார்.

நாயகனை மட்டும் சொல்லும் கதையைக் கேட்கும் பிள்ளை வியக்கிறது. வியப்பின் முடிவில், நான் அப்படிப்பட்டவன் அல்லன் என்று ஒதுங்கிக்கொள்ளவும் செய்கிறது. ஊரைச் சொல்லும் கதையில் அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் இருக்கிறது: பால் கொண்டுபோகும் வேலை, வாய் திறக்காதிருக்கும் வேலை, தன் படுக்கையில் பாதியைப் புதிதாய் வந்தவனுக்கு விட்டுக்கொடுக்கும் வேலை. அந்த வேலைகளைச் செய்த பிள்ளைகள் உண்மையில் இருந்தார்கள்.

வியன்னாவில் பிறந்து 1943இல் குடும்பத்தோடு லெ ஷாம்போனுக்கு வந்து பிழைத்த ஒருவர் 2020 டிசம்பரில் தம் 90ஆம் வயதில் இறந்தார். பிள்ளைகளில்லாத அவர், ஏறத்தாழ 20 லட்சம் யூரோவை அந்தக் கிராமத்துக்கு எழுதிவைத்திருந்தார். இளையோரின் கல்விக்குச் செலவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். உயிர் பிழைத்த சிறுவன் நினைவில் வைத்திருந்தது ஊரை.

அடுத்த முறை உங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்ல நேர்ந்தால், பனியில் வந்து நின்ற அந்த முதல் பெண்ணிலிருந்து தொடங்குங்கள். கருகிய காலணியையும் மேயரின் கோபத்தையும், அந்தப் பெண்ணை அனுப்பிவிட்ட பின் மக்தா வீட்டில் நின்ற நிலையையும் விடாமல் சொல்லுங்கள். அதற்குப் பின் வந்தவர்களுக்கு அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கேட்பார்கள்.